கடலுக்குப் போன ஓடிபி

ஜூன் 16

மதியம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் சமையல் பார்க்கிற கப்பலில் இணையம் கிடைக்கிற இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். மிச்சத்தில் சொன்ன செய்தி இது: ஆஸ்திரேலியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஜூலை கடைசியில் விசாகப்பட்டினம் வருகிறார்கள். இருபத்தைந்தோ இருபத்தாறோ தேதி. பதினோரு மாதத்தில் முதல்முறையாக இந்தியக் கரை.

"நான் வாரேன்" என்றேன்.

"எதுக்கு கனி? ஒரு நாளோ ரெண்டு நாளோதான் நிக்கும். சமையக்காரன வெளிய விடவும் மாட்டான். அங்க ஒரே தூசி வேற."

"தூசியப் பாக்கவா நான் வாரேன்?"

அவர் சிரிக்கவில்லை. லைன் போய்விட்டது, அல்லது போய்விட்டதாக அவர் முடிவு செய்துகொண்டார். லிங்கதுரைக்கு வேண்டாத பேச்சு வந்தால் லைன் போய்விடும்.

போகத்தான் போகிறேன். ஜூலை 28 அன்று இந்த வீட்டில் நானும் அத்தையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அன்றைக்கு அவர் என் முன்னால் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவர் சம்பளம் வந்ததும் வீட்டுக் கடனுக்குப் போய்விடுகிறது. வளையல் போன வருட ஆஸ்பத்திரி பில்லுக்கு அடகுக்குப் போனது, இன்னும் வரவில்லை. அவரிடம் டிக்கெட்டுக்குக் கேட்டால் வேண்டாம் என்பார். ஆனால் எனக்கென்று ஒரு பணம் இருக்கிறது. நான் பிசியோதெரபி பார்க்கிற ஆஸ்பத்திரியில் என்னை ஊழியர் என்று வைக்கவில்லை, கன்சல்டன்ட் என்று பெயர். அதனால் மாதம் இருபத்தெட்டாயிரத்தில் பத்து சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். வருடத்துக்கு 33,600. என் வருமானத்துக்கு வரியே கிடையாது, கணக்குத் தாக்கல் செய்தால் அத்தனையும் திரும்ப வரும். அந்த வேலையை வருடா வருடம் அவர்தான் செய்வார். பிடித்தத்துக்கான சான்றிதழை இன்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 17

அத்தையிடம் விசாகப்பட்டினம் போவதாகச் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார்கள்.

ஜூன் 19

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வைகுண்டம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். பான் கார்டு, ரயில் டிக்கெட், ஜெராக்ஸ், எல்லாம் அங்கேதான். வாசலில் புது போர்டு: "வரி ரீஃபண்ட் – இன்றே கையில்."

"வாங்க தங்கச்சி. எவ்வளவு பிடிச்சிருக்கான்?" என்றார். சொன்னேன். கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார். இருபத்துநாலாயிரம்.

"மிச்சம்?"

"கவர்மென்ட்ல ரூவா எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? நாலு மாசமும் ஆகும், எட்டு மாசமும் ஆகும். நான் இன்னைக்கே எண்ணி வைக்கேன். வெத்துச் செக்குல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. அது வந்ததும் நான் எடுத்துக்கிடுதேன்."

9,600 ரூபாய். எத்தனை முதுகை நீவினால் 9,600 வரும் என்று இந்த மனுஷருக்குத் தெரியுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் யோசித்தது இருபத்துநாலாயிரத்தைத்தான், அதை ஒளிக்க மாட்டேன்.

ஜூன் 21

ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ஸ் எபனேசர் சாரிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"எட்டு மாசமா? யாரு சொன்னா? ஒழுங்கா போட்டா ரெண்டு மூணு வாரத்துல வந்துரும்மா. லேட்டாகுதுன்னா எங்கயோ நாம தப்புப் பண்ணியிருப்போம். உக்காருங்க."

சாப்பாட்டு இடைவேளையில் அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி பிடித்ததும் வரித்துறைக் கணக்கில் ஏறியிருப்பதும் ஒன்றா என்று நாலு காலாண்டையும் ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அரை மணி நேரத்தில் முடிந்தது, ஒரு பைசா செலவில்லை. "இனி சரிபார்ப்பு மட்டுந்தான். அத இன்னைக்கே முடிக்கணும். முடிச்சாத்தான் அவன் ஃபைலயே தொறப்பான். ஆதார் ஓடிபி வரும், சொல்லுங்க" என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சார் திரையைக் காட்டினார். 4417 என்று முடியும் எண்ணுக்கு அனுப்பியாகிவிட்டதாம்.

4417 அவருடைய எண்.

ஜூன் 22

நடந்தது இதுதான். கல்யாணமான புதிதில் எந்தப் படிவத்தை நீட்டினாலும் கைபேசி எண் என்ற இடத்தில் அவர் எண்ணை எழுதினேன். ஆதார், பேங்க், கேஸ் சிலிண்டர், எல்லாவற்றிலும். அப்படித்தானே எழுதுவார்கள், எங்கள் தெருவில் எந்தப் பெண் தன் எண்ணை எழுதியிருக்கிறாள்? அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது நான் நான்தான் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டிய ஆறு இலக்கம் நடுக்கடலில் ஒரு சமையலறையில் போய் விழுகிறது. அதுவும் விழவில்லை. கப்பலில் வாட்ஸ்அப் வரும், எஸ்எம்எஸ் வராது.

அவருக்கு எழுதினேன்: "எனக்கு ஒரு ஓடிபி வரும். பார்த்துச் சொல்லுங்க." நீலக் குறி விழுந்தது. சாயங்காலம் பதில்: "சிக்னல் இல்ல. கரை வந்ததும் பாக்கேன்."

நான் அந்தக் கரைக்கு வருவதற்காகத்தானே ஓடிபியே வேண்டும்! போனைக் கட்டிலில் எறிந்தேன். தரையில் எறிய மனசு வரவில்லை, அதில்தான் அவர் குரல் வருகிறது.

ஜூன் 27

தலைமைத் தபால் நிலையத்தில் ஆதார் கவுன்டர். காலையில் போய் டோக்கன் வாங்கி நின்றேன். எண்ணை மாற்ற விரல் ரேகை வேண்டுமாம். என் ரேகை விழவில்லை. எட்டு வருடமாக எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரலே வழுவழுவென்று ஆகிவிட்டது. கவுன்டர் பெண் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். இடது கை மோதிர விரல் ஆறாவது தடவையில் விழுந்தது.

"பழைய நம்பர் யாரோடது மேடம்?"

"வீட்டுக்காரரோடது."

"எல்லாருக்கும் அப்டித்தான். வீட்டுக்காரரு துபாய்ல இருப்பாரு, பொண்டாட்டி இங்க கியூவுல நிப்பா" என்றாள். சிரித்துவிட்டேன். ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்றாள். அங்கிருந்தே பேங்குக்குப் போய் அங்கேயும் எண் மாற்ற எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். 4417ஐ இரண்டு இடத்தில் என் கையாலேயே அடித்துவிட்டு வந்திருக்கிறேன். இதற்குப் போய் அழுவேன் என்று நினைக்கவில்லை.

ஜூலை 1

சின்ன அறையைப் பெருக்கினேன். அத்தை வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தொட்டில் கம்பியை இன்னும் கழற்றவில்லை.

ஜூலை 6

காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது என் போனுக்கு எஸ்எம்எஸ். ஆதாரில் என் எண் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் எபனேசர் சாருக்குப் போன் போட்டேன். அவர் சர்ச்சில் இருந்தார். "ஆராதனை முடிஞ்சு கூப்பிடுதேன்" என்றவர் சொன்னபடி கூப்பிட்டு, எங்கே எதை அமுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஓடிபி வந்தது. எனக்கே வந்தது. சரிபார்ப்பு முடிந்தது. பேங்க் கணக்கையும் வரித்துறைப் பக்கத்தில் உறுதிப்படுத்தியாயிற்று. அது ஆகாவிட்டால் ரீஃபண்ட் வந்த வழியே திரும்பிப் போய்விடுமாம்.

"இனி நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. காத்துக்கிடந்தா போதும்."

சாருக்குத் தெரியாது, அதுதான் எனக்கு வராத வேலை.

ஜூலை 11

இன்னும் "பரிசீலனையில்" என்றே காட்டுகிறது. டிக்கெட் விலை ஏறுகிறது. இருப்புக் கொள்ளாமல் மறுபடி அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டேன். அவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான், அதனால்தான் பயம்.

"இருபத்துமூணு தாரேன் தங்கச்சி. நாள் கம்மியாயிட்டுல்லா?"

நாள் குறைந்தால் அவர் காத்திருப்பதும்தானே குறையும், பின் ஏன் பணம் குறைகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும் என்பது தவிர எதுவும் மண்டையில் ஓடவில்லை. பேனாவை வாங்கிவிட்டேன். செக்கை எடுத்து வைத்தேன். படிவத்தில் பெயர், முகவரி எழுதினேன்.

"கீழ வீட்டுக்காரர் நம்பர் எழுதுங்க. அவிய சம்மதம்னு ஒரு ஓடிபி போகும்."

பேனாவை மேஜையில் வைத்தேன். டீக்கு நன்றி சொன்னேன். தெருமுனை திரும்பும்வரை அண்ணாச்சி "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 13

அத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம்.

"கம்பெனி மாத்து ஆள் அனுப்பலன்னு அவிய சொல்லுதாவ. ஒன்பது மாச ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. எந்தக் கம்பெனி இது?" என்றேன்.

"கம்பெனிய எதுக்கு வையித? அவனாத்தான் ஆறு மாசம் கூட எழுதிக் குடுத்திருக்கான்" என்றவர்கள், சொன்ன பிறகு மொச்சையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. ஓரளவு எதிர்பார்த்ததுதான். எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். அலமாரியில் இருந்த நல்ல பாத்திரத்தையும் தேய்த்தேன்.

ஜூலை 17

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

போன வருடம் ஜூலை 28, பகல் பதினொன்றே கால். பெண் குழந்தை. மாதம் முழுசாக நிறைந்து, மூச்சில்லாமல் பிறந்தாள். நர்ஸ் ஒரு துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்தாள். நான் பார்த்தேன். போதும் என்கிறவரை பார்க்க விட்டார்கள், எனக்குப் போதவில்லை. அவர் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அவருடைய அண்ணன்தான் வந்து வாங்கிக்கொண்டு போனார். பதினாறாம் நாள் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவளைப் பற்றிப் பேசியதில்லை. நான் தொடங்கினால் லைன் போய்விடும். வீட்டுக்கு வருகிறவர்கள் "அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்கிறார்கள். அடுத்ததைப் பற்றி யார் கேட்டார்கள்? நான் பத்து மாதம் சுமந்தது இவளை. இந்த உலகத்தில் அவளைப் பற்றி நான் பேச வேண்டிய ஆள் ஒருத்தர்தான், அவர் கடலில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவரைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பின்கழுத்தில் பூண்டு வாடை வீச அவர் திரும்பிப் படுப்பாரே, அது வேண்டும் எனக்கு.

ஜூலை 21

வந்துவிட்டது!

ஒரு பக்கவாதப் பாட்டையாவுக்குக் கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. 34,272. சரிபார்ப்பு முடித்துப் பதினைந்தே நாள். மேலே இருக்கிற 672 என்னவென்று எபனேசர் சாரிடம் கேட்டேன்.

"வட்டிம்மா. ஏப்ரல்ல இருந்து உங்க ரூவாய அவன் வச்சிருந்தான்லா, அதுக்கு."

நான் வட்டி கொடுக்கப் போனேன், எனக்கு வட்டி வந்திருக்கிறது. சாருக்குக் கை கொடுத்தேன். வார்டுக்குத் திரும்பியதும் பாட்டையா "என்னம்மா விசேஷம்" என்றார். "வீட்டுக்காரரப் பாக்கப் போறேன் தாத்தா" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

28-க்கு மறுநாள்வரை லீவு. சென்னைவரை ரயில், அங்கிருந்து விமானம்.

ஜூலை 24

அத்தை நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டியைப் பூட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"அவன்ட்ட சண்டை போட்டுறாதட்டி."

"போடுவேன்."

"சரி போடு. எனக்கும் சேத்து அவன ஒரு தடவ நல்லா பாத்துக்கோ."

ஜூலை 26, விசாகப்பட்டினம்

கடற்கரையில் நின்று எண்ணினேன். பத்தொன்பது கப்பல்கள். எல்லாம் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கின்றன. உள்ளே இடம் இல்லையாம். அவர் கப்பலுக்கு ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் துறைமுகத்துக்குள் இடம். எனக்கு 29ஆம் தேதி திரும்ப டிக்கெட்.

இங்கே அவருக்கு நல்ல சிக்னல். கூப்பிட்டேன்.

"நீங்க எது?"

"செவப்பு. இடமிருந்து அஞ்சாவது."

"நாலாவதும் செவப்பா இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல. நீ... நெசமாவே வந்துட்டியா கனி?"

வந்துவிட்டேன். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வந்தாயிற்று, மிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அதைத் தாண்ட வழியில்லை. மணலில் உட்கார்ந்து அந்த ஐந்தாவது கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் எரிந்தது. வெயில்தான்.

ஜூலை 27

கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் காலையிலிருந்து உட்கார்ந்து உயிரை வாங்கிவிட்டேன். கடைசியில் மேனேஜர், நான் போனால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வழி சொன்னார். நாளைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பலுக்கு ஒரு படகு போகிறது. அனுமதிச் சீட்டு அவர் எடுத்துத் தருவார். கப்பலில் ஏறக் கூடாது, மூட்டை இறக்குகிற நேரம் மட்டும்தான். படகுக்காரருக்கு நான் தனியாகக் கொடுக்க வேண்டும்.

படகுக்காரர் பெயர் அப்பலராஜு. சென்னை காசிமேட்டில் ஆறு வருடம் இருந்தாராம், தமிழ் நன்றாகவே பேசுகிறார்.

"ஒம்போதாயிரம் ஆவும்மா. ரிஸ்க் கீது."

பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன். அண்ணாச்சியிடம் வாங்கியிருந்தால் இந்த ஒன்பதாயிரம் என் கையில் இருந்திருக்காது.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்: "நாளைக்குக் காய்கறி எடுக்க நீங்களே கீழ இறங்கி வாங்க."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு "சரி" என்றார்.

ஜூலை 28

காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். படகு முழுக்க வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மூட்டை. நடுவில் நான். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கிட்டே போகப் போகக் கப்பல் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சிவப்புச் சுவர் மட்டும்தான் இருந்தது. அதன் ஓரத்தில் ஏணியை இறக்கியிருந்தார்கள்.

ஏணியின் அடிப்படியில் அவர் நின்றார். மெலிந்திருந்தார். தாடையில் நரை. அவர் பேசிய முதல் வார்த்தை, "லைஃப் ஜாக்கெட்ட சரியா கட்டலையே நீ."

பதினோரு மாதம் சேர்த்து வைத்த வசவு அத்தனையும் எங்கே போனதோ தெரியவில்லை. "கட்டித்தான் இருக்கேன்" என்றேன். குனிந்து கையை நீட்டி வாரை இழுத்து இறுக்கினார். கையில் பூண்டு வாடை.

அலையில் படகு ஏறினால் அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. இறங்கினால் என் தலைக்கு மேலே போனது. அப்பலராஜு மூட்டையைத் தூக்கித் தர, அவர் வாங்கிப் பின்னால் நின்ற பையனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசம் நானாத்தான் எழுதிக் குடுத்தேன்."

"தெரியும்."

"அம்மா சொன்னாளா?"

"சொன்னாவ."

இரண்டு மூட்டை போனது. மூன்றாவதை வாங்கியவர் அதைக் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு இருபத்தெட்டு" என்றார்.

"ஆமா."

"நான் பாக்கவே இல்ல கனி. உள்ள வர கால் வரல எனக்கு. அண்ணன் தூக்கிட்டுப் போகும்போதும் துணியத்தான் பாத்தேன்." மூட்டையைப் பார்த்தபடியே கேட்டார். "பிள்ள யாரு மாதிரி இருந்தா?"

ஒரு வருடத்தில் யாருமே இதை என்னிடம் கேட்டதில்லை. படகு இறங்கி, அவர் உயரே போய், மறுபடி நேரே வருகிறவரை எனக்கு நேரம் தேவைப்பட்டது.

"உங்கள மாதிரிதான். நெத்தி, புருவம், எல்லாம். காது மட்டும் என்னோடது."

"முடி இருந்துச்சா?"

"நிறைய இருந்துச்சு. கருகருன்னு. நனைஞ்சு நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

அவர் ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூட்டை மடியில் இருந்தது. மேலேயிருந்து யாரோ இங்கிலீஷில் கத்தினார்கள். பின்னால் நின்ற பையன் மெதுவாக மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"டைம் ஆச்சும்மா" என்று அப்பலராஜு கயிற்றை அவிழ்த்தார். படகு விலகத் தொடங்கியது.

"கனி! இன்னும் சொல்லு!"

எழுந்து நின்றேன். அப்பலராஜு உட்காரச் சொல்லிக் கத்தினார். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே நானும் கத்தினேன். "விரல் நீளம்! நகம்கூட இருந்துச்சு! வலது கன்னத்துல ஒரு குழி!" பாதம் எப்படி இருந்தது, உதடு எப்படி இருந்தது, எத்தனை கிலோ இருந்தாள், மனசில் இருந்த எல்லாவற்றையும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. அவருக்கு எதுவரை கேட்டதென்று தெரியவில்லை.

மேலே மறுபடி கூப்பிட்டார்கள். பையன் ஏறிவிட்டான். அவர் அடிப்படியில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே சாய்ந்து நின்றார். ஆள் சின்னப் புள்ளியாகிறவரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மேலே ஏறிப் போகவில்லை.